பூஜை நாளில் ஒரு சைபர்

ஃபைல்களையெல்லாம் புது செர்வருக்கு மாற்றப்போகிறார்கள் என்று மேனேஜர் ரகுபதி சொன்னபோது, என்னைக் கேட்டீர்களா என்று கேட்கத்தான் முத்துச்செல்விக்கு வாய் வந்தது. கேட்கவில்லை. "சரி சார்" என்றாள். தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்த பிறகும் அந்தக் கேள்வி போகாமல் நின்றது. கேட்பதற்கு நீ யார் என்றது ஒரு மனசு. கேட்பதற்கு வேறு யார் இருக்கிறார்கள் என்றது இன்னொரு மனசு. இந்த இரண்டாவது மனசோடு அவளுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை.

ஒரகடம் சாலையில், கார் கதவுகளுக்குக் கீல் செய்கிற தொழிற்சாலை அது. மொத்தம் ஆறு லைன். இன்று எந்த லைனில் எத்தனை கீல் ஓடியது, கீலில் செருகுகிற பின் ஸ்டோரில் எத்தனை இருக்கிறது, நாளைக்கு லாரியில் எத்தனை பெட்டி ஏற வேண்டும் என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்து மறுநாள் வேலையைப் பிரித்துக் கொடுப்பது பிளானிங் அறையின் பொறுப்பு. அந்த அறையில் ரகுபதியும் முத்துச்செல்வியும் மட்டும்தான். ரகுபதி அந்த வருஷம், 2012 ஜனவரியில், ஓசூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். முத்துச்செல்வி சங்கரன்கோவில் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து பி.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டு வந்து, மூன்று வருஷத்துக்கு முன் மூன்றாம் லைனில் ஆப்பரேட்டராகச் சேர்ந்தவள். கம்பெனிப் பதிவேட்டில் இன்றைக்கும் அவள் மூன்றாம் லைன் ஆப்பரேட்டர்தான். பிளானிங் அறை நாற்காலி தற்காலிகம். அந்தத் தற்காலிகத்துக்கு இரண்டு வயதாகியிருந்தது.

அவள் அங்கே வந்ததே ஒரு வாரத்துக்காக. டைப் அடிக்கிறவர் லீவில் போனார். கணக்குப் படித்த பெண் ஒருத்தி லைனில் இருக்கிறாள் என்று கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அந்தக் காலத்தில் ஒரே எண்ணை நாலு பேர் எழுதுவார்கள். லைன் லீடர் காகிதத்தில் எழுதுவார். அதைப் பார்த்து இன்னொருவர் போர்டில் எழுதுவார். போர்டைப் பார்த்து ஸ்டோரில் எழுதுவார்கள். அதற்கப்புறம் கம்ப்யூட்டருக்கு வரும். நாலும் நாலு எண்ணாக இருக்கும். எது சரி என்று சாயங்காலம் ஒரு சண்டை நடக்கும். முத்துச்செல்வி மூன்றாவது நாள், யாரும் சொல்லாமல், எக்செல்லில் ஒரு கட்டத்தில் சமக்குறி போட்டாள். இன்னொரு ஃபைலைத் திறந்து அதில் ஒரு கட்டத்தைத் தொட்டாள். என்டர் தட்டினாள். அங்கிருந்த எண் இங்கே வந்து உட்கார்ந்தது. அங்கே மாற்றினால் இங்கேயும் மாறியது. மாற்றி மாற்றிப் பார்த்தாள். பக்கத்தில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். ஏதோ செய்யக்கூடாததைச் செய்துவிட்டவள் போல.

அந்த ஒரு இழையிலிருந்து வளர்ந்ததுதான் எல்லாம். ஆறு லைனுக்கு ஆறு ஃபைல், ஸ்டோருக்கு ஒன்று. இந்த ஏழும் பிளானிங் அறை மேசைக்கடியில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் இருந்தன. அந்தந்த இடத்து ஆட்கள் அங்கங்கே இருந்தபடி அவற்றைத் திறந்து எண்ணைப் போடுவார்கள். ஏழிலிருந்தும் இழுத்து ஒரே பக்கத்தில் காட்டுகிற மாஸ்டர் ஃபைல் முத்துச்செல்வியின் கம்ப்யூட்டரில் இருந்தது. காலை எட்டரை மீட்டிங்கில் அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எல்லோரும் பேசுவார்கள். சாயங்காலச் சண்டை நின்றே போயிற்று. அதைச் செய்தது யார் என்று யாரும் கேட்டதில்லை. 'பிளானிங் ஃபைல்' என்பார்கள். ரகுபதி வந்த பிறகு 'ரகுபதி சார் ஃபைல்' என்றும் சிலர் சொல்ல ஆரம்பித்தார்கள். அது காதில் விழும்போதெல்லாம் முத்துச்செல்விக்கு எங்கேயோ சுருக்கென்றது. ஆனால் அவள் வளர்ந்த வீட்டில் பெண்பிள்ளை நல்ல மார்க் வாங்கினால் சத்தமாகச் சொல்லாதே என்பார்கள். கண் படும் என்பது பாதிக் காரணம். தலைக்கனம் வந்துவிடும் என்பது மீதி. அதனால் எதைச் செய்தாலும் 'என்னமோ வந்துட்டு' என்று சொல்லிப் பழகியிருந்தாள். சொல்லிச் சொல்லி, தான் செய்தவை எல்லாம் தானாக வந்தவை என்றே பாதி நம்பவும் செய்திருந்தாள்.

"வியாழக்கிழமை கஸ்டமர் ஆடிட் வருதும்மா" என்றார் ரகுபதி. "ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டுக்கும் தனி ஃபோல்டர், எல்லாம் செர்வர்ல இருக்கணும்னு அவங்க கண்டிஷன். இந்தப் பழைய பெட்டி வாடகைக்கு எடுத்தது. வியாழன் காலையில வண்டி வந்து எடுத்துட்டுப் போயிடும். புது இடத்துல உன் ஃபைல் ஒழுங்கா ஓடுச்சுன்னா சரி. ஓடலைன்னா பழையபடி போர்டுல எழுதிக்கலாம். லைன் மூணுல ஆள் பத்தலைன்னு உன்னைத் திருப்பி அனுப்பச் சொல்லி ஏற்கெனவே கேட்டுக்கிட்டிருக்காங்க. நான்தான் தள்ளிப் போட்டுக்கிட்டிருக்கேன்."

அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். மூன்றாம் லைனுக்குப் போவது முத்துச்செல்விக்கு அவமானமும் இல்லை. நின்று வேலை பார்த்த இடம்தானே. ஆனால் அவள் போய்விட்டால், போர்டில் எழுத ஆரம்பித்துவிட்டால், அந்த மாஸ்டர் ஃபைல் ஒரு வாரத்தில் செத்துப்போகும். அப்படி ஒன்று இருந்தது என்பதைக்கூட ஒரு மாதத்தில் மறந்துவிடுவார்கள். தான் போவதைவிட அது போவது பெரிதாகத் தோன்றியதே, அதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

திங்கட்கிழமை மத்தியானம் சென்னை ஹெட் ஆபீசிலிருந்து ஸ்ரீதர் வந்தான். கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் அவன்தான். கெட்டிக்காரன், அவசரக்காரன். ஃபைலுக்கு ஃபைல் லிங்க் இருக்கிறது, எந்த ஃபைல் எதைப் பார்க்கிறது என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், ஒருமுறை பார்த்துவிட்டு நகர்த்துங்கள் என்று முத்துச்செல்வி சொன்னாள். அவன் நோட்டை வாங்கி ஒரு பக்கம் புரட்டிவிட்டு, இதெல்லாம் காப்பி போட்டால் கூடவே போய்விடும் என்று திருப்பிக் கொடுத்தான். நாலரைக்குள் எல்லாம் முடிந்தது. லைன் ஃபைல்கள் புரொடக்‌ஷன் ஃபோல்டருக்குள், ஸ்டோர் ஃபைல் ஸ்டோர் ஃபோல்டருக்குள், மாஸ்டர் பிளானிங் ஃபோல்டருக்குள். இனி புது இடத்தில்தான் எண்ணைப் போட வேண்டும் என்று எல்லா லைனிலும் சொல்லிவிட்டான். புது இடத்திலிருந்து மாஸ்டரைத் திறந்தும் காட்டினான். எல்லா எண்ணும் அப்படியே இருந்தன. ஒரு சிவப்புக் குறிகூட இல்லை. ரகுபதி அவன் தோளில் தட்டினார். முத்துச்செல்விக்கு மட்டும், காலில் ஏதோ ஒட்டிக்கொண்டு வருகிற மாதிரி ஓர் உறுத்தல். எதுவென்று சொல்லத் தெரியாததால் சும்மா இருந்தாள்.

மறுநாள் ஆயுத பூஜை. உற்பத்தி கிடையாது. காலையிலேயே மெஷின்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பத்து மணிக்குக் கற்பூரம் காட்டினார்கள். பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஸ்ரீதரும் சுண்டல் பொட்டலத்தோடு பிளானிங் அறையில் உட்கார்ந்திருந்தான். முத்துச்செல்வி கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்துவிட்டு, அணைப்பதற்கு முன் பழக்கத்தில் மாஸ்டரைத் திறந்தாள். புதுப்பித்துக்கொள்ளவா என்று அது கேட்டது. ஆம் என்றாள். அன்றைய தேதிக்கு ஆறு லைனிலும் சைபர்.

மறுபடி ஒருமுறை புதுப்பித்துப் பார்த்தாள். அதே சைபர்.

"சார், இது தப்பு" என்றாள்.

ரகுபதி எட்டிப் பார்த்தார். "பூஜை அன்னிக்கு சைபர்தானேம்மா வரும்?"

"இல்ல சார். ஆறு வரணும்."

ஸ்ரீதர் சிரித்தான். "லீவு நாள்ல ஆறு கீல் யார் மேடம் செஞ்சா? சரஸ்வதியா?"

இந்தத் தொழிற்சாலை லைன்களில் ஒரு வழக்கம் உண்டு. அது எந்தத் தாளிலும் எழுதப்பட்டதில்லை. கற்பூரம் காட்டியதும், அந்த லைனில் கடைசியாகச் சேர்ந்தவர் கையால் மெஷினை ஓட்டி ஒரே ஒரு கீல் செய்வார்கள். சாமி கீல் என்று அதற்குப் பேர். அது லாரியில் ஏறாது. மஞ்சள் துணியில் சுற்றி மெஷினுக்கு மேலே வைத்துவிடுவார்கள். ஆனால் அதற்கும் இரண்டு தகடும் ஒரு பின்னும் ஸ்டோரிலிருந்து வந்திருக்கிறதே. அதனால் லைன் லீடர்கள் மறக்காமல் கணக்கில் ஒன்று என்று போட்டுவிடுவார்கள். ஆபீஸ் பூஜையில் நிற்கிறவர்களுக்கு இது தெரிய வழியில்லை. முத்துச்செல்விக்குத் தெரியும். சேர்ந்த வருஷம் மூன்றாம் லைன் சாமி கீலை ஓட்டியவளே அவள்தான்.

அவள் இதைச் சொல்லி முடித்ததும், ஸ்ரீதர் சுண்டலைக் கீழே வைத்துவிட்டு, செர்வரில் இரண்டாம் லைன் ஃபைலைத் திறந்தான். அன்றைய தேதிக்கு நேராக ஒன்று என்று இருந்தது. மூன்றாம் லைனிலும் ஒன்று. ஆறு லைனிலும் அப்படியே. மாஸ்டரில் மட்டும் சைபர்.

முத்துச்செல்வி அந்தச் சைபரின் மேல் கர்சரை வைத்து, பக்கத்தின் மேலே ஓடும் வரியைக் காட்டினாள். எண் எங்கிருந்து வருகிறது என்ற முகவரி அதில் இருந்தது. பழைய கம்ப்யூட்டரின் பேர். மாஸ்டர் புது வீட்டுக்கு வந்துவிட்டது, ஆனால் பழைய வீட்டு ஜன்னலைத்தான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறது. மேசைக்கடியில் அந்தப் பெட்டி ஓடிக்கொண்டிருக்கிற வரை அது எந்தக் குறையும் சொல்லாது. திங்கட்கிழமை எண்களையே ஒழுங்காகக் காட்டும். நேற்று உறுத்தியது இதுதான் என்று இப்போது அவளுக்குப் புரிந்தது. சாமி கீல் இல்லாவிட்டால் வியாழக்கிழமை வரை யாருக்கும் தெரிந்திருக்காது. வியாழக்கிழமை வண்டி வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

ஸ்ரீதரின் முகம் சிவந்தது. ஆனாலும் அவன் வழி தெரியாதவன் இல்லை. எல்லா எண்ணையும் வெறும் எண்ணாக மாஸ்டரில் ஒட்டிவிடலாம், ஆடிட்டர் பார்க்கப்போவது ஒரு மணி நேரம், அன்றைக்குக் காலையில் கையால் நிரப்பிக்கொண்டால் போயிற்று, லிங்க்கையெல்லாம் அப்புறம் நிதானமாகப் பார்க்கலாம் என்றான். ரகுபதி தலையாட்டினார். ஆடிட்டுக்கு அது போதும் என்றார்.

முத்துச்செல்விக்கு அந்தப் பக்கம் கண்முன் தெரிந்தது. அதே கட்டங்கள், அதே நிறங்கள், அதே எண்கள். எதைத் தொட்டாலும் பின்னால் ஒன்றும் இருக்காது. பார்ப்பவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. தெரியாது என்பதுதான் அவளைக் கொதிக்க வைத்தது. அப்புறம் நிதானமாக என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். அந்த அப்புறத்தில் அவள் லைனில் நின்றுகொண்டிருப்பாள்.

"அது வேணாம் சார்" என்றாள். குரல் தன்னுடையதுதானா என்று இருந்தது. "நாளைக்கு எனக்கு ஒரு நாள் குடுங்க. நான் மாத்தித் தாரேன்."

"நாளைக்கு விஜயதசமி, லீவு."

"தெரியும் சார். செக்யூரிட்டிகிட்ட மட்டும் சொல்லி வைங்க."

ரகுபதி போனை எடுத்துச் செக்யூரிட்டியிடம் சொன்னார். முடியாவிட்டால் வியாழன் காலை ஏழரைக்கே எண்ணை ஒட்டிவிடுவேன், அப்போது ஒன்றும் சொல்லக்கூடாது என்றார். சொல்ல மாட்டேன் என்றாள்.

பென்னலூர் ஹாஸ்டலில் அன்று ராத்திரி அவளோடு தங்கியிருந்த பெண்கள் பொரி கொறித்துக்கொண்டு டி.வி. பார்த்தார்கள். முத்துச்செல்வி சீக்கிரமே படுத்துவிட்டாள். வேணாம் சார் என்று சொன்ன அந்த நொடியை எடுத்து எடுத்துப் பார்த்தாள். திமிரா அது? திமிர் என்றால் அடுத்தவரைக் கீழே பார்ப்பது. அவள் யாரையும் கீழே பார்க்கவில்லை. தன் வேலையை நேராகப் பார்த்தாள், அவ்வளவுதான். இத்தனை நாள் அதைக் கடைக்கண்ணால்தான் பார்த்து வந்திருக்கிறாள். அப்படியே தூங்கிப்போனாள்.

புதன்கிழமை கம்பெனி பஸ் கிடையாது. ஷேர் ஆட்டோவில் பிள்ளைப்பாக்கம் வரை வந்தாள். அங்கே கலைமதி ஸ்கூட்டியோடு நின்றாள். கலைமதி இரண்டாம் லைன் லீடர். பிள்ளைப்பாக்கமே சொந்த ஊர். முத்துச்செல்வியைவிட இரண்டு வயது பெரியவள், வாய் பத்து வயது பெரியது. லைன் பக்கம் உட்கார்ந்து எண்ணைப் போட்டுப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று முத்துச்செல்வி கெஞ்சியிருந்தாள்.

"எங்க வூட்ல கறி வெந்துக்கினு கீது. நான் இன்னாடான்னா லீவு நாள்ல உனக்கு டிரைவர் வேலை பாத்துக்கினு கீறேன்" என்றாள் கலைமதி.

"ரெண்டு மணி நேரந்தான் கலை. சாப்பாட்டுக்குப் போயிரலாம்."

"எலும்பாவது மிச்சம் வெப்பாங்களா பாரு."

கேட்டில் உடைத்த பூசணிக்காய் காய்ந்து கிடந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. மெஷின்கள் எல்லாம் குங்குமப் பொட்டோடு சும்மா நின்றன. கலைமதியை இரண்டாம் லைன் கம்ப்யூட்டரில் உட்கார வைத்துவிட்டு, முத்துச்செல்வி பிளானிங் அறைக்கு வந்து நோட்டை விரித்தாள்.

எது எதிலிருந்து எடுக்கிறது என்று அம்புக்குறி போட்டு அதில் வரைந்திருந்தாள். வேலையை அடியிலிருந்து தொடங்க வேண்டும். லைன் ஃபைல்கள் யாரிடமும் எதுவும் வாங்காதவை. அவற்றைத் தொட வேண்டியதில்லை. ஸ்டோர் ஃபைல் ஆறு லைனிடமும் வாங்குகிறது. அதனால் முதலில் ஸ்டோர். அதைத் திறந்து, லிங்க் எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டுகிற பட்டியலை எடுத்தாள். ஆறு வரி, ஆறும் பழைய பெட்டியின் பேரில். முதல் வரியைத் தேர்ந்து, மூலத்தை மாற்று என்ற பொத்தானை அழுத்தி, செர்வரில் புரொடக்‌ஷன் ஃபோல்டருக்குள் போய் ஒன்றாம் லைனைக் காட்டினாள். வரி மாறியது. பிறகு இரண்டு. பிறகு மூன்று. அவசரப்படவில்லை. ஒவ்வொன்றையும் மாற்றியதும் உள்ளே போய் ஏதாவது ஒரு கட்டத்தைத் தொட்டு முகவரியைப் படித்தாள். ஸ்டோரைச் சேமித்து மூடிவிட்டு, மாஸ்டரைத் திறந்தாள்.

மாஸ்டரில் ஏழு வரி இருக்க வேண்டும். ஆறு லைன், ஒரு ஸ்டோர். எட்டு இருந்தது.

எட்டாவது வரியில் புக்-1 என்று ஒரு பேர். எக்செல்லில் புதிதாக ஒன்றைத் திறந்து, பேர் வைக்காமல் சேமித்தால் அதுவாக வைத்துக்கொள்கிற பேர். அவள் நோட்டில் அப்படி ஒன்று இல்லை. பழைய பெட்டியில் தேடினாள், இருந்தது. செர்வரில் தேடினாள், இல்லை. குப்பை என்று நினைத்து ஸ்ரீதர் விட்டுவிட்டிருக்கிறான். அவளே பார்த்திருந்தாலும் குப்பை என்றுதான் நினைத்திருப்பாள்.

திறந்தாள். வெற்றுப் பக்கம். முதல் கட்டத்தில் மட்டும் ஓர் எண். 1.02.

கொஞ்ச நேரம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. நூறு கீலுக்கு நூற்றிரண்டு பின் வேண்டும், இரண்டு வீணாகும். அந்தக் கணக்குக்கான எண் அது. இரண்டு வருஷத்துக்கு முன், மூன்றாவது நாள், சமக்குறி போட்டு இன்னொரு ஃபைலைத் தொட்டுப் பார்த்தாளே, அந்த இன்னொரு ஃபைல். அதன் மேலேயே வீடு எழும்பிவிட்டது. பின் சம்பந்தப்பட்ட ஒவ்வொரு கணக்கும், ஆறு லைனின் ஒவ்வொரு நாளும், பேர்கூட வைக்காத இந்தப் பக்கத்து ஒற்றை எண்ணை வந்து தொட்டுவிட்டுத்தான் போயிருக்கிறது. நாளைக்குப் பெட்டி போய்விட்டால், அந்த எண்ணை இனி யாராலும் மாற்ற முடியாமல், எங்கே இருக்கிறது என்றும் தெரியாமல் போகும்.

முதலில் வெட்கமாக இருந்தது. எவ்வளவு அரைகுறையாகச் செய்திருக்கிறாள். யாராவது இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள். அந்த வெட்கத்தை அவள் கொஞ்சம் பொறுத்து உட்கார்ந்து பார்த்தாள். வழக்கமாக அது வந்தால் எழுந்து போய் வேறு வேலை பார்ப்பாள். இன்று பார்த்தபோது, அதற்கு அடியில் அந்தப் பழைய முத்துச்செல்வி தெரிந்தாள். யூனிபாரத்தில் எண்ணெய்க் கறையோடு, இன்னொருவர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, யாரும் சொல்லித்தராததைத் தொட்டுப் பார்த்தவள். ஃபைலுக்குப் பேர் வைக்கத் தெரியாதுதான். ஆனாலும் தொட்டாள். அவளைப் பார்த்து இவளுக்குக் கண் நிறைந்தது. தானாக வரவில்லை இது. ஒருத்தி செய்திருக்கிறாள்.

போன் அடித்தது. "இன்னா முத்து, நான் இங்க மெஷினுக்கு விசிறிவுட்டுக்கினு உக்காரவா?" என்றாள் கலைமதி.

"பத்து நிமிஷம் கலை. என் பழைய தப்பு ஒண்ணு கிடைச்சிருக்கு. அதைச் சரி பண்ணிட்டு வாரேன்."

"ஒண்ணுதானா? நல்லா தேடு."

புக்-1 செர்வரில் இல்லாததால் அதற்கு வேறு வழி செய்தாள். மாஸ்டரையும் புக்-1ஐயும் ஒரே நேரத்தில் திறந்து வைத்துக்கொண்டாள். புக்-1ஐ, திறந்திருக்கும்போதே, புது இடத்தில் புதுப் பேரில் சேமித்தாள். பிளானிங் ஃபோல்டருக்குள், 'பின் கழிவு' என்று. பக்கத்தில் திறந்திருந்த மாஸ்டர் அதைக் கவனித்துக்கொண்டே இருந்த மாதிரி, அதன் பட்டியலில் எட்டாவது வரி தானாகவே புதுப் பேருக்கு மாறியது. கண்ணெதிரே கைபிடித்துக் கூட்டிப்போனால் கூடவே வந்துவிடும். தூங்கும்போது தூக்கிப்போனால்தான் பழைய வீட்டைத் தேடும். மீதி ஏழு வரியையும் ஒவ்வொன்றாக மாற்றினாள். சேமித்தாள்.

செவ்வாய்க்கிழமைக்கு நேரே ஆறு லைனிலும் ஒன்று, ஒன்று, ஒன்று என்று வந்து உட்கார்ந்தது. மொத்தம் ஆறு.

அது போதாது அவளுக்கு. பழைய பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதே. எங்காவது ஓர் இழை அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் தெரியாது. மேசைக்கடியில் குனிந்து, அதன் பின்னால் செருகியிருந்த நெட்வொர்க்கின் நீல ஒயரைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டே சற்று நேரம் இருந்தாள். பிடுங்கினாள்.

மாஸ்டரை மூடித் திரும்பத் திறந்தாள். புதுப்பிக்கவா என்றது. ஆம் என்றாள். ஓடியது. எதையும் காணோம் என்று சொல்லவில்லை. ஸ்டோரைத் திறந்தாள். அதுவும் சொல்லவில்லை.

கலைமதிக்குப் போன் போட்டு, இன்றைய தேதியில் ஏதாவது ஒரு பெரிய எண்ணைப் போட்டுச் சேமிக்கச் சொன்னாள்.

"எவ்ளோ போட?"

"உனக்குத் தோணுறதைப் போடு. என்கிட்ட சொல்லாத."

முத்துச்செல்வி கண்ணை மூடிக்கொண்டு இருபது எண்ணினாள். புதுப்பித்தாள். இரண்டாம் லைனுக்கு நேரே 9,999.

"பத்தாயிரத்துக்கு ஒண்ணு கம்மி" என்றாள் போனில்.

"பாத்துக்கினே கீறியா?" என்றாள் கலைமதி. குரலில் கிண்டல் இல்லை. பிறகு அவளுக்கே அது பொறுக்கவில்லை போல. "சரி, அழிச்சிட்றேன். ரகுபதி சார் பாத்தாருன்னா இதையே டார்கெட்டா வெச்சிருவாரு."

திரும்பும்போது முத்துச்செல்வி ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தாள். ரோட்டோரத்தில் பாதி நெல்லும் பாதி வேலிக் கம்பியுமாக வயல்கள் போய்க்கொண்டிருந்தன. கலைமதி விடவில்லை, வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய் இலையில் உட்கார வைத்து, எலும்பு இல்லாமல் கறியாகவே அள்ளி வைத்தாள். இவள்தான் அந்த பிளானிங் ஃபைலைச் செய்தவள் என்று தன் அம்மாவிடம் சொன்னாள். அந்த அம்மாவுக்கு ஃபைல் என்ன என்று தெரியாது. "அப்டியாம்மா, நல்லா சாப்டு" என்றார். முத்துச்செல்வி 'என்னமோ வந்துட்டு' என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் சாப்பிட்டாள்.

வியாழன் காலை ரகுபதி சொன்னபடியே ஏழரைக்கு வந்தார். மாஸ்டரைத் திறந்தார். ஒவ்வொரு லைனாகத் தொட்டு மேலே முகவரியைப் படித்தார். செவ்வாய்க்கிழமை அவள் காட்டிய மாதிரியே. எட்டு மணிக்கு வண்டி வந்து மேசைக்கடியில் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அது இருந்த இடத்தில் தூசி சதுரமாகத் தெரிந்தது. ரகுபதி மறுபடி மாஸ்டரைப் புதுப்பித்துப் பார்த்தார். முதல் ஷிஃப்டின் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன.

பத்து மணிக்கு ஆடிட்டர்கள் வந்தார்கள். அதில் ஒருவர், இந்த எண்ணெல்லாம் இப்போது உள்ளதா, காலையில் யாரோ டைப் அடித்து வைத்ததா என்று சந்தேகமாகக் கேட்டார். ரகுபதி பதில் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு முத்துச்செல்வி பக்கம் கையைக் காட்டினார். அவள் எழுந்து, நாலாம் லைனுக்குப் போய் அங்கே நீங்களே ஓர் எண்ணைப் போட்டுப் பாருங்கள், நான் இங்கே இருக்கிறேன் என்றாள். அவர் போனார். திரும்பி வந்தபோது அவர் போட்ட எண் மாஸ்டரில் இருந்தது. தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். இதைச் செய்தது யார் என்று கேட்டார்.

"நான்தான் சார்" என்றாள் முத்துச்செல்வி. அதற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

மத்தியானம் லைன் மூன்றிலிருந்து ரகுபதிக்குப் போன் வந்தது. ஆடிட் முடிந்ததே, அந்தப் பெண்ணை எப்போது அனுப்புகிறீர்கள் என்று கேட்டிருப்பார்கள் போல. வேறு ஆளைப் பாருங்கள், இந்தப் பெண் இங்கேதான், ஹெச்.ஆருக்கு எழுதியாயிற்று என்றார் ரகுபதி. அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. சாதாரணமாக, லாரி நேரத்தைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

சாயங்காலம் ஸ்ரீதர் கூப்பிட்டான். அடுத்த வாரம் ஓசூர் பிளான்ட்டிலும் இதே மாதிரி ஃபைல்களை மாற்ற வேண்டும், எப்படிச் செய்யலாம் என்று ரகுபதியிடம் கேட்டான். ரகுபதி போனை அவளிடம் நீட்டினார்.

"நீங்களே சொல்லுங்க மேடம்" என்றான் ஸ்ரீதர். இந்த முறை அந்த மேடத்தில் சிரிப்பு இல்லை. "என்ன செய்யணும்?"

முத்துச்செல்வி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"செய்ய வேண்டியதை அப்புறம் சொல்லுதேன் சார்" என்றாள். "மொதல்ல ஒண்ணு. நான் பார்த்துச் சொல்லுற வரைக்கும் அங்க யாரும் எதையும் தூக்கக் கூடாது."